அரைக்கீரைக்குப் பத்துக்கு மூணு

பைப்பு இடிக்குதாம்மா? இதோ, சாச்சுப் பிடிச்சுக்கிறேன். ஆம்பூர்லயே கிடைக்கிற சாமான்தான். அங்க வாங்கினா சாயங்காலத்துக்குள்ள சர்ச்சு முழுக்கத் தெரிஞ்சிடும். அதான் வேலூர் வரைக்கும் வந்து, பஸ்ல தூக்கிட்டுப் போறேன். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல இதக் கேளுங்க... பைப்புல கீரை வளக்கலாமா?

வளக்கிறான்மா. ஜோவின்னு ஒருத்தன், என்கிட்ட அஞ்சாம் வகுப்பு படிச்சவன். இப்ப ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். ஏன் சிரிக்கிறீங்க? மொட்டமாடியில பைப்பப் படுக்கப் போட்டு, ஓட்ட போட்டு, உள்ள சத்துத்தண்ணிய ஓடவிட்டு, அதுல அரைக்கீரை. ஒரு பிடி மண்ணு கிடையாது. “டீச்சர், களையே வராது, பூச்சி கம்மி, மூணே வாரத்துல அறுத்துடலாம்”ங்கிறான். வேர் வெள்ளையா, நூலாட்டம் தொங்குது. நிக்க இடமில்லாத செடியில இன்னா ருசி இருக்கும்?

என் கீரை மண்ணுல நிக்குது. எரு போடறது, கொத்தி விடறது, எல்லாம் என் கைதான். அறுப்பின் பண்டிகைக்கு எங்க சர்ச்சுல பீடத்துக்கிட்ட வெக்கிற கீரைக்கட்டு பதினோரு வருஷமா என்னோடது. இந்த வருஷம் அவனும் ஒரு கட்டு தர்றேன்னான். எதை வெக்கிறதுன்னு போதகருக்குக் குழப்பம்.

நான்தான் சொன்னேன், பரீட்சை வெச்சிடலாம்னு. மூஞ்சி பாத்து மார்க்கு போடக்கூடாதில்லையா? வேரை ஒட்ட நறுக்கணும், பேரு கூடாது, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் மட்டும், உப்பில்லாம அவிக்கணும்... எல்லா விதியும் நான் போட்டது. போதகரம்மா இன்பம் அவங்க வீட்டு நல்ல தண்ணியில அவிச்சாங்க. திருத்தறதும் நானே. முப்பத்துநாலு வருஷம் விடைத்தாள் திருத்தின ஆளு வேற யாரு இருக்கா?

ஒண்ணாம் நம்பருக்கு ஒம்பது. ‘மண்ணின் மணம் நன்று’ன்னு குறிப்பு. ரெண்டாம் நம்பருக்கு மூணு. ‘உப்புக் கரிக்கிறது. தண்ணீர் வளர்ப்பின் குறை.’ சிவப்பு மையில, கையெழுத்தோட.

எந்த நம்பர் யாரோடதுன்னு எழுதி ஒட்டி வெச்ச உறையப் பிரிச்சாங்க... ரெண்டாம் நம்பரு என்னோடதும்மா.

எங்க தெரு போர்தண்ணி உப்பு. தோல் பதனிடற ஷாப்பு பக்கத்துல எந்தக் கெணறு உருப்படியா இருக்கு? அதத்தான் பாத்திக்கு விட்டேன். அதுலயேதான் தினமும் அவிச்சும் தின்னேன். நாக்கு பழகிப்போச்சு, நல்ல தண்ணியில அவிச்சதும்தான் கரிப்பு தெரிஞ்சுது. அவன் மழைத்தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கான். “டீச்சர், மறுகூட்டலுக்கு எழுதிப் போடுங்களேன்”னான், கழுதை.

“தாளக் கிழிச்சிடலாம்மா”ன்னார் போதகர், பாவம். விடுவனா? எந்தப் புள்ளைக்கும் போட்ட மார்க்க அடிச்சு எழுதினதில்ல, என் கீரைக்கு எழுதுவனா? போன ஞாயித்துக்கெழம அவன் கட்டு பீடத்துக்கிட்ட. என்னோடது பூசணிக்காய்க்குப் பின்னால.

இந்தப் பைப்பு கீரை வளக்க இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க மாடி மழைத்தண்ணியப் பாத்திக்கு எறக்க. மண்ணு மேல குத்தமில்லன்னு அடுத்த பண்டிகையில காட்டறேன். அதுவரைக்கும் அவனுக்குத் தெரியக்கூடாது.

மறுபடியும் சிரிக்கிறீங்களே... கழுத்துல தொங்குற அந்தக் கம்பெனி அட்டையக் கொஞ்சம் திருப்புங்க.

ஆம்பூர் ஷூ கம்பெனியா? உங்க சூப்பர்வைசர் பேரு...

சரிம்மா. மூணு மார்க்கு கதைய எத்தனை பேருகிட்ட வேணா சொல்லிக்கங்க. பைப்ப மட்டும் நீங்க பாக்கல.