திரும்ப மறுத்த மெசின்

சுன்னாகத்துச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை அது. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொன்னார்:

"என்ரை உழவு மெசின்தான் அண்ணை, மச்சானையும் என்னையும் திரும்பக் கதைக்க வைச்சது."

"தங்கச்சியின்ரை புருசனோ? ரெண்டு வரியமா வேலிச் சண்டையெல்லோ?"

"ஓம். மெசின் சேத்துக்கை இறங்கினா ஒரு சில்லு சுத்தும், மற்றது சும்மா நிக்கும். காலாலை பெடலை மிதிச்சா ரெண்டும் ஒண்டாச் சுத்த ஒரு லொக் பூட்டினன். காலை எடுத்தா பெடல் மேலை வந்து லொக் விட ஸ்பிறிங் வேணும். சாமான் எங்கை கிடக்கு? சைக்கிள் சீற்றின்ரை ஸ்பிறிங்கைப் போட்டன்."

"லொக் பிடிச்சுதோ?"

"நல்லாப் பிடிச்சுது. பிறகு விடேல்லை. உழுதுபோட்டு வந்து வீட்டு ஒழுங்கைப் பாதையிலை திருப்பினா, ரெண்டு சில்லும் ஒண்டாவே சுத்துது, மெசின் திரும்பாது. நேரை அந்தச் சண்டை வேலியை உடைச்சுக்கொண்டு போயிட்டுது."

பெரியவர் சிரித்ததில் வெறும் கலன் கையிலிருந்து நழுவியது.

"மச்சான் கத்தியோடை ஓடி வந்தான். குனிஞ்சு பெடலைப் பார்த்தான். 'உதை ஆர் பூட்டினது?' எண்டான். நான்தான் எண்டன். 'உந்த ஸ்பிறிங் காணாது, என்னட்டைப் பெரிசு ஒண்டு கிடக்கு' எண்டான்."

வரிசை இரண்டடி நகர்ந்தது.

"அப்ப வேலியை ஆர் அடைச்சது?"

"ஒருத்தரும் அடைக்கேல்லை. அவன்ரை வயலையும் நான்தான் உழுறன். மெசின் வேலி உடைஞ்ச அந்தப் பொட்டாலைதான் போய்வருது. தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவாறதும் அதாலைதான்."