புகார்ப் பெட்டியும் ஆரஞ்சு விமானமும்

தொந்தரவா? எனக்கா? யாரு சொன்னா உங்ககிட்ட? உக்காருங்க தம்பி, மொதல்ல உக்காருங்க. அது வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலி. டவுன் ஆபீஸ்லேர்ந்து சைக்கிள்லயா வந்தீங்க, இந்த ஏத்தத்துல? பார்லி டீ குடிங்க, சில்லுனு இருக்கு. அட, லஞ்சமெல்லாம் இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்த மோரிவாகி ரெண்டு கிளாஸ் குடிப்பாரு. அவர மாத்திட்டு உங்களப் போட்டிருக்காங்களாக்கும். பேரு? இனுசுகாவா? சரி.

அந்தப் பைக்குள்ள இருக்கிற பேப்பர் என்னன்னு எனக்குத் தெரியும். ஊரே பேசுதே. அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஏரியில ரிமோட் விமானம் விடக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டப் போறீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி கரையில தொழில் பண்றவங்கள ஒரு வார்த்தை கேக்கணும், அதான் வந்திருக்கீங்க. அன்னப் படகு வாடகைக்கு விடுறவ நான்தான், இருபத்திரெண்டு வருஷமா. கேளுங்க. ஆனா மொதல்ல நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் கேளுங்க.

பொம்மைன்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்த விமான கிளப் தலைவர் ஷிராகி காதுல விழுந்துச்சுன்னா, மனுஷன் மூணு நாள் சாப்பிட மாட்டாரு. றெக்கை ஒண்ணே முக்கால் மீட்டர். கையால செஞ்சது. ரெண்டு பனிக்காலம் உக்காந்து பால்சாங்கிற லேசான கட்டைய இழைச்சு இழைச்சு ஒட்டியிருக்காரு. சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு மிதவை, தண்ணியிலதான் இறங்கும். ஆரஞ்சுக் கலரு. தண்ணியில கவுந்தா கண்ணுக்குத் தெரியணுமாம், அதுக்குத்தான் அந்தக் கலரு.

எனக்கு எப்படித் தெரியுமா? அவரே சொன்னாரு. நம்ப மாட்டீங்க, அவரு வாயத் தெறக்காத ஆளு. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணவரு. இருட்டுக் குழிக்குள்ள தனியா நின்னே வேலை பார்த்தவருக்குப் பேச்சு எங்கேர்ந்து வரும்? வணக்கம்னா தலைய ஆட்டுவாரு. நல்ல வெயில்னா தலைய ஆட்டுவாரு. உங்க தொப்பி பறந்து போகுதுங்கன்னாலும் தலைய ஆட்டுவாரு. ஏழு வருஷம் எதிர்க்கரையில விமானம் விட்டாரு, எனக்கு அவரோட கழுத்து மட்டும்தான் தெரியும்.

இந்த ஏப்ரல்லதான் எல்லாம். அன்னிக்கு நல்ல கூட்டம், செர்ரி பூத்திருந்துச்சு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு என் படகை எடுத்துக்கிட்டு, யாருக்கு பலம் ஜாஸ்தின்னு மிதி மிதின்னு மிதிச்சுதுங்க. அந்த அலை போய், இறங்கிக்கிட்டிருந்த ஆரஞ்சு விமானத்தத் தட்டிருச்சு. ஒரு மிதவை முங்குச்சு, அப்படியே குப்புற. வயித்த மேல காட்டிக்கிட்டு நடு ஏரியில மிதக்குது.

ஷிராகி என் துறைக்கு ஓடி வந்தாரு. வந்து நிக்கிறாரு. விரலால படகக் காட்டுறாரு, ஏரியக் காட்டுறாரு. நான் சொன்னேன், ஐயா, இந்த அன்னத்துல ஒத்த ஆள் ஏறுனா ஒரு பக்கம் சாஞ்சு வட்டமடிக்கும், நானும் வரேன்னு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மிதிச்சோம். அது பிள்ளைங்களுக்கு அளவெடுத்த படகு. ஒவ்வொரு மிதிக்கும் முட்டியும் முட்டியும் இடிக்குது. இடிக்க இடிக்க மன்னிக்கணும், மன்னிக்கணும்ங்கிறாரு. போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு முப்பது மன்னிப்பு இருக்கும். எண்ணுனேனே!

கரைக்குக் கொண்டாந்து, இதோ இந்த மேஜை மேலதான் கவுத்துப் போட்டோம். நான் துண்டு குடுத்தேன். அவரு துடைக்க ஆரம்பிச்சாரு, பேசவும் ஆரம்பிச்சாரு தம்பி! நாப்பது நிமிஷம்! மிதவைக்கு அடியில ஒரு படி வெட்டியிருக்கும், பாத்திருக்கீங்களா? அந்தப் படி, விமானம் எடை சமமா நிக்கிற இடத்துக்கு ஒரு விரக்கடை பின்னாடி வரணுமாம். ரொம்பப் பின்னாடி போனா தண்ணிய விட்டுக் கெளம்பாது, முன்னாடி வந்தா தவளை மாதிரி தத்தும். ரெண்டு மிதவையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கணும், இல்லேன்னா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். ரிசீவரப் பெட்டியில வச்சு, தண்ணி புகாம சிலிகான் பூசணும். எல்லாத்துக்கும் மேல, கெளப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும், ரிமோட்ல இருக்கிற குச்சிய இடது பக்கம் தள்ளுனா வால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்ணால பாக்கணும். அவசரத்துல ஒயர மாத்திச் சொருகிட்டா எல்லாம் தலைகீழாயிடுமாம். சொல்றப்போ முகத்தப் பாக்கணும் நீங்க. லைட் போட்ட மாதிரி.

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் முன்னாடியே போயிட்டாரு. ஐயோ, அனுதாபப்படாதீங்க, சாகல, நாகோயாவுல நல்லாத்தான் இருக்காரு, வேற ஒருத்தியோட. அவரு என்கிட்ட நாப்பது நிமிஷம் சேர்ந்தாப்ல பேசுனதே கெடையாது, விவாகரத்து அன்னிக்குக் கூட.

சரி, அடுத்த ஞாயிறு. ஷிராகி எதிர்க்கரைக்கே போயிட்டாரு. அங்கேர்ந்தே குனிஞ்சு ஒரு வணக்கம். அவ்வளவுதான். அப்பதான் எவளோ ஒரு புண்ணியவதி... எவரோ ஒரு புண்ணியவான், பூங்கா வாசல்ல இருக்கிற உங்க புகார்ப் பெட்டியில ஒரு சீட்டுப் போட்டாரு, விமானத்தால தொந்தரவுன்னு. மோரிவாகியோட வழக்கம் தெரியுமில்ல? புகார் வந்தா கிளப் தலைவர் கரையில இருக்கிற ஒவ்வொரு கடைக்கும் நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும். ஷிராகி வந்தாரு. கோட்டுப் போட்டுக்கிட்டு, பயறு பூரணம் வச்ச மஞ்சுங்கிற பலகாரம் ஒரு பெட்டி எடுத்துக்கிட்டு. இப்படி, இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னேன். காலையில வந்தவரு பன்னெண்டு மணி வரைக்கும் போகல.

மறுவாரமும் ஒரு புகார். பாவம், மறுபடி கோட்டு, மறுபடி மஞ்சு. எனக்கு மூணு கிலோ ஏறிப்போச்சு.

ஜூன் மாசம் ஒரு நாள், மன்னிப்பெல்லாம் கேட்டு முடிச்சுட்டு, நீங்க ஓட்டிப் பாக்கறீங்களான்னாரு. ரிமோட்ட என் கழுத்துல மாட்டிவிட்டாரு. அது மாட்டிக்கிட்டா மனுஷிக்கு ஒரு தெம்பு வருது பாருங்க! காத்துக்கு எதிரா திருப்பி, குச்சிய என் பக்கம் இழுத்துப் புடிச்சு, மெதுவா வேகம் குடுத்தேன். மூக்கத் தூக்கிக்கிட்டு தண்ணியக் கிழிக்குது. கிழிச்சுக்கிட்டே வந்து, ஒரு எடத்துல தண்ணி மேல ஏறி உக்காந்துரும். அப்ப குச்சியத் தளத்தணும். சர்ருனு வழுக்கிக்கிட்டுப் போகுது, அப்புறம் சத்தமே இல்ல. கெளம்பிருச்சு! நான் கத்துன கத்துல வாத்தெல்லாம் பறந்துச்சு.

மேல விடுறது சுலபம். இறக்கும்போது பாத்தா காத்து சுத்தமா நின்னுபோச்சு. ஏரி கண்ணாடி. எது தண்ணி, எது வானம்னு தெரியல. எவ்வளவு உயரத்துல இருக்குன்னு எப்படிக் கணக்குப் பண்றது? ரிமோட்ட நீட்டுனேன், புடிங்க ஐயான்னு. வாங்கல. பேட்டரி எட்டு நிமிஷம்தான், அது பீப் பீப்னு கத்துது. ரெண்டு பனிக்காலத்து உழைப்பு என் கட்டைவிரல்ல தொங்குது. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்!

எங்கன்னு பாத்தா, என் அன்னப் படகுல. கோட்டோட. தனியா ஏறி உக்காந்து மிதிக்கிறாரு. படகு ஒரு பக்கம் சாஞ்சு வட்டம் வட்டமா சுத்துது. எனக்கு மொதல்ல புரியல, மூளை கலங்கிப்போச்சோன்னு நெனச்சேன். அப்பறம்தான் அந்த அலை விரிஞ்சுச்சு. வளையம் வளையமா. தண்ணி எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அலை தெரியுதா, அலை தெரியுதான்னு கத்துறாரு, தலைய மட்டுமே ஆட்டுற மனுஷன்! தெரியுது, தெரியுதுன்னு நானும் கத்துனேன். இறக்கிட்டேன். ஒரு துளி தெறிக்கல.

என்ன எழுதுறீங்க? எழுதாதீங்க, இது சாட்சி இல்ல.

அதுக்கப்புறம் ஒரு வாட்டி, டீ குடிக்கும்போது சொன்னாரு, இத்தனை புகார் வந்தா ஏரிய மூடிருவாங்களோன்னு கிளப்புல எல்லாருக்கும் பயமா இருக்குன்னு. ஒம்போது கெழவங்க, ஞாயித்துக்கிழமைய விட்டா அவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அன்னிக்கு மஞ்சுப் பெட்டிய நான் மூடி வச்சுட்டேன். அதோட புகாரும் நின்னுச்சு. அவரும் நின்னுட்டாரு. மன்னிப்புக் கேக்க ஒண்ணும் இல்லேன்னா அந்த மனுஷனுக்கு வரத் தெரியாது. மூணு ஞாயிறு எதிர்க்கரையில அவரு கழுத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதனால தம்பி, அந்த நோட்டீச ஒட்டாதீங்க. அந்தப் புகாரெல்லாம் செல்லாது. எப்படின்னா... எழுதுனவ நான்தான். ஆமா, நானேதான். எழுத்து தெரியக்கூடாதுன்னு இடது கையால எழுதுனேன். சிரிக்காதீங்க. அம்பத்தொம்போது வயசுல, வாங்க, சும்மா ஒரு டீ குடிக்கன்னு ஒரு ஆம்பளையப் போய் எப்படிக் கூப்பிடுறது? எங்க கையெழுத்துப் போடணும், முத்திரை குத்தணுமா? ஏழு புகாரையும் வாபஸ் வாங்கிக்கிறேன்.

என்னது? எட்டா?

இல்ல தம்பி, ஏழு. எனக்குத் தெரியாதா? மஞ்சுப் பெட்டி ஏழு, பரண் மேல அடுக்கி வச்சிருக்கேன், போய்ப் பாருங்க. போன வாரம் வந்ததா? போன வாரம் நான் எழுதவே இல்லையே! எந்தப் பாவி... குடுங்க அத. இருங்க, கண்ணாடி போட்டுப் படிக்கிறேன்.

ஞாயிறு காலை ஒன்பது நாற்பது. வடமேற்குக் காற்று, வினாடிக்கு மூன்று மீட்டர். ஆரஞ்சு நிற விமானம் ஒன்று...

புகார் எழுதுறவன் எவனாவது காத்து வேகம் போடுவானா தம்பி?

...படகுத் துறை அம்மையாருக்கு இதனால் பெரும் சிரமம் ஏற்பட்டிருக்கக்கூடும். கிளப் தலைவர் உடனடியாக நேரில் சென்று மன்னிப்புக் கேட்பது முறை.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. ஒண்ணும் இல்ல, கண்ணுல தூசி. காத்துதான் இருக்கே, வடமேற்கோ என்னவோ.

அந்த ஏழு சீட்டையும் கிழிச்சுப் போட்டுருங்க தம்பி. இத மட்டும் நான் வச்சுக்கிறேன்.