தவணை நீட்டித் தராத தோட்டம்

சாரலில் நனைந்த சட்டையோடும் சேலையோடும் இந்தக் குற்றாலத்து மண்டபத்தில் கூடியிருக்கும் என் சனங்களே! எலுமிச்சை வியாபாரிகள் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நடு நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சி அவர்களே! என் வயிற்றில் பிறந்து, இன்று சங்கத்தின் செயலாளராய் உயர்ந்து, 'அம்மா என்ன சொல்லித் தொலைக்கப் போறாளோ' என்று என் இடப்பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் சுந்தரபாண்டி அவர்களே! சிரிக்காதீர்கள். வீட்டில்தான் அவன் 'ஏலே', மேடையில் 'அவர்களே'. புளியங்குடியிலிருந்து லாரி ஏற்றுவதை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மூட்டை சுமக்கும் தோள்களே! பழம் பிரிக்கும் கைகளே! பெற்ற தாய்மார்களே, பேரன் பேத்தி எடுத்த என் தோழிமார்களே! உங்கள் மூக்கம்மாள் தலை வணங்கி, ஆனால் குரல் தாழ்த்தாமல், பேச வந்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அந்த ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி நான்தான். வீட்டுக்காரர் போன பிறகு கமிஷன் கடையைப் பூட்டாமல் நடத்தியவளும் நான்தான். ஏலத்தில் என் குரல் கேட்டால் கேரளத்து வியாபாரி தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வான். அப்படிப்பட்ட எனக்கு இன்று கை நடுங்குகிறது. மைக்கைப் பிடித்திருப்பதே அந்த நடுக்கம் தெரியக்கூடாது என்றுதான். குளிரா? இல்லை. வயதா? அதுவும் இல்லை. பயம்! இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் எல்லோரும் தூக்கப்போகும் கைகளை நினைத்துப் பயம்!

எதற்குக் கை தூக்கப்போகிறீர்கள்? மூட்டைக்கு இவ்வளவு என்று நாம் எல்லோரும் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்த மருத்துவ நிதி பாங்கியில் தூங்குகிறது; அதைத் தட்டி எழுப்பி, பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி, நாலு மடங்காய்ப் பெருக்குவோம் என்கிற தீர்மானத்துக்கு. கொண்டுவந்தது யார்? என் மகன். வழி சொல்வது யார்? கைபேசிக் குழுவில் தினமும் காலையில் 'இதை வாங்கு, அதை வித்துடு' என்று செய்தி போடும் ஓர் ஆலோசகர். அவர் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, நம்மில் எவருக்கும் தெரியாது.

அந்த நிதி யாருக்கு? அதோ, கடைசி வரிசையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறானே மணிமுத்து, அவனுக்கு. நம் சந்தையில் மூட்டை சுமந்து சுமந்து, இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன். நெஞ்சுக்குள் வால்வு மாற்ற வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்ததும் ஆபரேஷன். பணம் இந்த நிதியிலிருந்துதான். "உன் பேரை மேடையில சொல்லட்டுமா, வருத்தப்படுவியா?" என்று காலையில் அவனிடம் கேட்டேன். "சொல்லுங்க ஆச்சி, வெக்கப்படுததுக்கெல்லாம் நெஞ்சுல இப்பம் எடமில்ல" என்றான். அதனால் சொல்கிறேன்.

என்னம்மா அங்கே, மூன்றாவது வரிசையில்? "ஆச்சிக்கு ஷேரு பத்தி என்ன தெரியும்" என்றா? கேளு தாயி, நல்லாக் கேளு. எனக்கு டீமேட் கணக்கு இருக்கிறது. பங்கைப் பத்திரமாய் வைக்கும் பெட்டி அது. பாங்கி லாக்கர் மாதிரி, ஆனால் கம்ப்யூட்டருக்குள். என் பேரில் சில கம்பெனிப் பங்குகள் இருக்கின்றன. பங்கு என்றால் என்ன? தோப்பில் ஒரு மரம் நம்முடையது என்பது போல. டிவிடெண்ட் என்றால் என்ன? அந்த மரத்துக் காய். விலை ஏறலாம், இறங்கலாம். மரம் நிற்கும்வரை காத்திருக்கலாம். மரமே பட்டுப்போவதும் உண்டு. அதனால்தான் ஒரே மரத்தில் எல்லாவற்றையும் கட்டக்கூடாது. இதையெல்லாம் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. தென்காசியில் புரோக்கர் ஆபீசில் அஃப்ரின் என்று ஒரு பெண் இருக்கிறாள். படித்தவள், பதமானவள். நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பேன்; முகம் சுளிக்காமல் சொல்வாள். ஆகவே நான் பங்குச் சந்தைக்கு எதிரி இல்லை. புரியாத சொல்லில் பிறத்தியான் உயிரைப் பந்தயம் வைப்பதற்கு எதிரி!

ஸ்டாப் லாஸ் என்று ஒரு சொல். இன்று காலை பேரருவிக்குப் போனீர்களா? தண்ணீர் கூடியதும் போலீஸ்காரர் விசில் ஊதினாரா இல்லையா? "எல்லாரும் வெளிய வாங்க!" என்றாரா இல்லையா? தலையில் சீயக்காய் இருந்தாலும் வெளியே வந்துதான் ஆகவேண்டும். அதுதான் ஸ்டாப் லாஸ். விலை இந்த அளவுக்குக் கீழே போனால் விற்றுவிட்டு வெளியே வா என்று முன்கூட்டியே நாமே ஊதிக்கொள்ளும் விசில். ஆனால் திடீர் வெள்ளம் வந்தால்? விசில் காதில் விழுவதற்குள் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். சந்தையிலும் அப்படி நடக்கும் என்கிறாள் அஃப்ரின். ஆலோசகர் செய்தியில் விசிலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அருவியைப் பற்றி மட்டும்தானே வர்ணனை!

சரி. இப்போது ஆப்ஷனுக்கு வருகிறேன். இந்த மேசையைப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்த தாம்பாளம். 'வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இந்தத் தாம்பாளத்துக்கு ஒரு கதை இருக்கிறது. இது நம் தாணுமாலயன் அண்ணாச்சியின் தாம்பாளம். முன்வரிசையில்தான் இருக்கிறார். "நடந்ததச் சொல்லு மூக்கம்மா, ஒண்ணுவிடாமச் சொல்லு. எனக்கு வந்தது என்னோட போகட்டும்" என்று அனுமதி கொடுத்து, தட்டையும் கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த பழக்கம் ஒன்று. எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகை பிடிக்கிறோம். என்ன செய்கிறோம்? அச்சாரம் கொடுக்கிறோம். இன்ன தேதிக்குள் மகசூல் எடுத்துக்கொள்வோம் என்று பேசுகிறோம். மழை பிந்திவிட்டது, காய் திரளவில்லை. அப்போது? வெற்றிலை பாக்கோடு தோட்டக்காரர் வீட்டுக்குப் போகிறோம். "மழ ஏமாத்திட்டு, ஒரு மாசம் தவண குடுங்க" என்கிறோம். அவர் கொஞ்சம் முனகுவார், கொஞ்சம் முறைப்பார், கடைசியில் வெற்றிலையை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டால் தவணை நீண்டுவிட்டது என்று அர்த்தம். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. முகம் பார்த்துக் கொடுத்த அச்சாரம். முகம் பார்த்து நீட்டிய தவணை. இந்தப் பழக்கத்தில்தானே நாம் வளர்ந்தோம்? இந்தப் பழக்கத்தில்தானே நம் பிள்ளைகளை வளர்த்தோம்?

போன வருசம் தாணுமாலயன் அண்ணாச்சி ஆப்ஷன் வாங்கினார். அதற்குக் கட்டும் தொகைக்குப் பேர் பிரீமியம். இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை இன்ன தேதி வரை பிடித்துவைக்கும் தொகை. அண்ணாச்சிக்கு எப்படித் தோன்றும்? எனக்கு எப்படித் தோன்றும்? உங்களுக்கு எப்படித் தோன்றும்? "அட, நம்ம அச்சாரம்தானே இது!" வயலை ஒற்றி வைத்துக் கட்டினார். சந்தை இறங்கியது. அண்ணாச்சி பதறினாரா? இல்லையே! மழை பிந்துகிறது, அவ்வளவுதான் என்று இருந்தார். மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த உரிமை காலாவதியாகும் நாள்; அதற்கு எக்ஸ்பைரி என்று பேர். மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இதே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் அடுக்கி, தென்காசி புரோக்கர் ஆபீசுக்குப் போனார்.

அந்த நேரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

"வாங்க அண்ணாச்சி, வீட்ல விசேஷமா?" என்று அஃப்ரின் எழுந்து நின்றாள்.

"விசேஷம் எங்க தாயி. சந்த ஏமாத்திட்டு. அதான் ஒரு மாசம் தவண கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி... அது நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சிட்டு. அதுக்கு இப்பம் மதிப்பே கெடையாது."

"முடிஞ்சிட்டுன்னா? அச்சாரம் போக மிச்சத்தத் தாரேன்னுதானே சொல்லுதேன். இன்னிக்குச் சந்த ஏறியிருக்காமே! காய் திரளுத நேரம் தாயி இது!"

"ஏறட்டும் அண்ணாச்சி. உங்க காயிதம் செத்துப்போச்சு. நேத்தோட செத்துப்போச்சு."

அப்போது அண்ணாச்சி ஒன்று கேட்டார். அன்றிலிருந்து என் காதுக்குள் அதுதான் ஒலிக்கிறது. "சரி தாயி. தோட்டக்காரர் யாரு? எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. நான் போயிப் பேசிக்கிடுதேன்."

யார் என்று சொல்வாள்? எந்த ஊர் என்று சொல்வாள்? எதிர்ப்பக்கம் விற்றவன் டெல்லியில் இருக்கிறானோ துபாயில் இருக்கிறானோ, மனிதன்தானோ இயந்திரம்தானோ, யாருக்குத் தெரியும்? அச்சாரம் வாங்க ஆள் இருந்தது. வெற்றிலை எடுக்க ஆள் இல்லை! அண்ணாச்சி தாம்பாளத்தை ஏந்தியபடியே நின்றார். அஃப்ரின் அழுதுவிட்டாள். வயல் இன்னும் மீளவில்லை.

அவர் முட்டாளா? நம் சந்தையில் பழத்தை முகர்ந்தே எந்தத் தோட்டம் என்று சொல்பவர் முட்டாளா? நம் ஊர் நேர்மையைக் கொண்டுபோய், அந்த நேர்மைக்குக் காது இல்லாத இடத்தில் வைத்தார். நாமும் அதைத்தானே செய்திருப்போம்? இன்று தீர்மானம் போட்டு அதையேதானே செய்யப்போகிறோம்?

நேற்று சோறு போடும்போது மகனிடம் இதைச் சொன்னேன்.

"எம்மா, அவரு தனியாப் போயி மாட்டுனாரு. நமக்கு ஆலோசகர் இருக்காரு."

"அவரு வீடு எங்கடா இருக்கு?"

"வீடு எதுக்கு? குரூப்ல இருக்காரு."

"அரசாங்கத்துல பதிஞ்சிருக்காரா?"

"நீ வேற, கொழம்ப ஊத்து!"

நான் குழம்பை ஊற்றினேன். அவன் கெட்டவன் இல்லை. "லாபம் வந்தா மணிமுத்து மாதிரி பத்துப் பேரப் பாக்கலாம்மா" என்றான். அந்த ஆசை அவன் அப்பாவிடமிருந்து வந்தது. அதில் எனக்குப் பெருமை. ஆனால் இந்த ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கும் தனியாட்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் நட்டப்படுகிறார்கள் என்று சந்தையை மேற்பார்க்கும் அரசு அமைப்பே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. பத்துப் பேரைக் காப்பாற்றப் போகிறோமா, பத்தில் ஒன்பதாய்ப் போகப்போகிறோமா?

அங்கே யார், "ஆச்சி, அந்தப் பத்தாவது ஆளு நாமளா இருந்தா?" என்பது? இருக்கட்டும் ராசா. உன் சொந்தப் பணம் என்றால் போ. புரிந்து போ, விசிலோடு போ, போனது போகட்டும் என்று தாங்கும் அளவோடு போ. நான் தடுக்கவில்லை. இது உன் பணம் இல்லை. இது மணிமுத்துவின் மூச்சு!

ஆவணி பிறக்கும் முன்னால் சந்தை இறங்கிவிட்டது என்று வையுங்கள். அப்போது தவணை யாரிடம் கேட்பீர்கள்? ஆலோசகரிடமா? அவருக்கு முகம் இல்லை. சந்தையிடமா? அதற்குக் காது இல்லை. அப்படியானால் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் நிற்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். கடைசி வரிசை! அந்தத் தூண்! "மணிமுத்து, சந்த ஏமாத்திட்டு, ஒன் நெஞ்ச ஒரு மாசம் நிறுத்தி வையி" என்று கேட்கவேண்டும். அவன் நல்லவன். நீங்கள் கேட்டால் வெற்றிலையை எடுத்துக்கொள்ளவும் செய்வான். ஆனால் அவன் நெஞ்சு எடுத்துக்கொள்ளுமா? நெஞ்சு தவணை தருமா?

செயலாளர் சுந்தரபாண்டி அவர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தாம்பாளத்தை எடுங்கள். ஆவணியில் கேட்க நேர்ந்தால் கேட்கப்போவதை இன்றே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். போய் மணிமுத்து முன்னால் நின்று கேளுங்கள். அவன் கண்ணைப் பார்த்துக் கேட்க முடிந்தால், உங்கள் தீர்மானத்துக்கு முதல் கை இந்த மூக்கம்மாள் கை!

எடுத்துவிட்டான். வழி விடுங்கள், பிள்ளைகளை இழுத்துக்கொள்ளுங்கள். போகட்டும். மணிமுத்து, நீ எழுந்திருக்காதே அய்யா, உட்கார்ந்தே இரு.

...

ஏலே சுந்தரபாண்டி. ஏன் பாதியில நின்னுட்டே? கேளு லே. நீ ஏன் அழுத?

...

சரி. சரி. தட்ட எங்கிட்டக் கொண்டா. மெதுவா வா, ஈரத் தரை, வழுக்கும்.

தலைவர் அண்ணாச்சி அவர்களே, தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆவணியில் மணிமுத்து கண் விழித்து "ஆச்சி" என்று கூப்பிடும்போது நிற்கும்.

முனகாமல் கேட்ட தோழிமார்களுக்கும், முறைத்துக்கொண்டே கேட்ட பெரியோர்களுக்கும், தன் காயத்தைத் திறந்து காட்டிய தாணுமாலயன் அண்ணாச்சிக்கும், மேடையில் தாயைப் பேசவிட்ட என் பிள்ளைக்கும் நன்றி. இதோ தாம்பாளத்தோடு வாசலில் வந்து நிற்கிறேன். போகிறவர்கள் ஆளுக்கொரு வெற்றிலை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்துத் தருகிறேன். வணக்கம்.