நடுவில் எழுந்திருக்கக் கூடாது

சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, ஐயா. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். நேற்று என் அறையிலிருந்து சாமான்களை எடுத்து வந்தபோது உங்கள் ஆள் ஒருவர் சட்டை நுனியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். எனக்கு மனசே ஆறவில்லை. அதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரே போனில் பாட்டுக் கேட்ட காலத்திலும் என் மாமனார் தன் சிடிகளைத் தூக்கிப் போடவில்லை. கப்பலில் இன்ஜின் பார்த்தவர், போன துறைமுகத்திலெல்லாம் வாங்கிச் சேர்த்தவை. நுரையீரல் கெட்டு எங்கள் வீட்டோடு வந்தபோது கொண்டுவந்தது ஒரு பை துணி, ஓர் ஆக்சிஜன் மிஷின், பெட்டி பெட்டியாக சிடி. சிடிக்கு மறுபடி மவுசு வந்திருந்த நேரம் அது. பழைய சாமான் கடையில் சீந்துவாரில்லாமல் கிடந்த பிளேயர்களைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்து விற்க ஆரம்பித்திருந்தார்கள்.

"எனக்கு இனிமே எதுக்கு மாப்ளே? நீங்க ஆசையா கேக்குறீங்க, வச்சுக்கோங்க" என்று மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். தங்கமான மனுஷன். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன்.

சிடி வந்துவிட்டால் போதுமா, அதற்கேற்ற பிளேயர் வேண்டாமா? மாதக்கணக்கில் தேடினேன். தூக்கிப் பார்த்தால் கை வலிக்க வேண்டும், எடையில்லாதது அதிரும். ரிமோட் இருக்கக் கூடாது. ரிமோட்டுக்கென்று உள்ளே ஓடும் சர்க்யூட் ஒலியைக் கெடுக்கும் என்று எங்கள் குழுவில் பேச்சு. குழு என்றால் நான், ஒரு பல் டாக்டர், ஒரு வங்கிக்காரர், ஒரு லாரி முதலாளி. விடுமுறைகளில் என் வீட்டில் கூடுவோம். எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. சிடி ஓட ஆரம்பித்தால் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாதியில் நிறுத்துவது, தாண்டிப் போவது எல்லாம் போன்காரர்கள் வேலை.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே" என்றாள் மனைவி. நியாயமான பேச்சுதான், நானும் சிரித்தேன்.

பிளேயர் வந்த பிறகு, குழு கூடியிருந்த ஒரு நாள் மாமா மூக்கில் குழாயோடு வந்து உட்கார்ந்தார். "ஒரு விளையாட்டு வெளையாடலாமா?" என்றார். இரண்டு பிளேயர்களைத் துண்டால் மூடி, தன் மகளை விட்டு ஒரே புல்லாங்குழல் சிடியை ஒன்று மாற்றி ஒன்றில் போடச் சொன்னார். எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். குழலுக்குள் மூச்சு நுழைவதே கேட்கிறது, ஏழைக்கு இந்த ஒலி கனவிலும் வராது என்று விளக்கமும் கொடுத்தேன்.

மாமா துண்டை எடுத்தார். அது என் மகன் கார்ட்டூன் பார்த்துத் தேய்த்த பழைய டிவிடி பிளேயர்.

மாமா இருமல் வரும்வரை சிரித்தார். "விடுங்க மாப்ளே. எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து குழுவில் என் பெயர் கார்ட்டூன்.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். தவறு எங்கே நடந்தது என்றுதான் பார்த்தேன், கண்டும் பிடித்தேன். பிளேயரில் மெலிதாக ஒரு முனகல் இருந்தது. மாமாவின் மிஷினும் என் பிளேயரும் ஒரே கரண்ட் லைனில் ஓடின. அந்த முனகல்தான் என் காதைக் குழப்பியிருக்கிறது.

நான் கேட்கும் நேரத்துக்கு மட்டும் மிஷினை நிறுத்தலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்ன பேசுறீங்க? அது அப்பாவோட மூச்சு" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

சம்பவத்தன்று மகன் பள்ளிக்கூடம் போய்விட்டான். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் மாமாவின் கைக்கருகில் பித்தளை மணியை வைத்தாள். "மிஷின் நின்னுட்டா இத ஆட்டுங்கப்பா. அவரு ஓடி வந்து சிலிண்டர மாட்டிவிடுவாரு." பிறகு என்னைப் பார்த்தாள். "வந்துடுவீங்கல்ல?"

"இதென்ன கேள்வி" என்றேன்.

மாமா கண்ணயர்ந்ததும் கூடத்துக்கு வந்து மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். அறைக்குள் போய் அதே புல்லாங்குழல் சிடியைப் போட்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் கனத்த ஒலிகள் சுவரில் முட்டி நிற்கும்.

முனகல் போகவில்லை. புது பிளேயர் பழகக் கொஞ்ச நாள் ஆகும், அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. மிஷின் காரணமில்லை என்று தெரிந்ததுமே எழுந்துபோய் பிளக்கை மாட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் சிடி ஓட ஆரம்பித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. முதலில் விடாமல், பிறகு விட்டு விட்டு, கடைசியில் தாளம் தப்பி ஒரே ஒரு முறை. எத்தனையோ தடவை கேட்ட சிடி, அதில் இப்படி ஒரு மணியைக் கேட்டதே இல்லை. நல்ல பிளேயர் என்றால் ஒளிந்திருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவரும் என்பார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இனி யார் கார்ட்டூன் என்று பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிடி முடிந்தது. விளிம்பைப் பிடித்து எடுத்து உறையில் போட்டேன். பிளக்கை மாட்டினேன். அப்புறம்தான் மாமாவைப் போய்ப் பார்த்தேன். மணி தரையில் கிடந்தது. டாக்டர் வந்தார், நுரையீரல் என்று எழுதிக்கொடுத்தார். மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். மணி அடிச்சாரா என்று ஒரே ஒரு முறை கேட்டாள், இல்லை என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். அடுத்த முறை குழு கூடியபோது அந்த மணியைப் பற்றி நானே பெருமையடித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சிடியைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. மணி வரவேயில்லை.

"இதுல ஏதுப்பா மணி?" என்றார் பல் டாக்டர். பிறகு அலமாரியில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த பித்தளை மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காபிகூடக் குடிக்காமல் போனார். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறார்.

அது பாட்டுக்குள் வந்த மணி என்று நிஜமாகவே நம்பினாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அந்த சிடி உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, உறையைத் திருப்பிப் பாருங்கள். தனிப் புல்லாங்குழல், வேறு வாத்தியம் கிடையாது என்று போட்டிருக்கும். மாமா கொடுத்த அன்றே படித்துவிட்டேன்.

ஆனாலும் ஐயா, அவ்வளவு துல்லியமான மணியை நான் எந்த பிளேயரிலும் கேட்டதில்லை.