கூண்டுக்கு ஒத்தப் புள்ளி

...கோழிய மடியில வெச்சுக்கிட்டு எப்படிப் படம் வரையறதுன்னு என்னக் கேட்டா? நான் என்னத்தச் சொல்ல! ரெண்டு காலையும் சேத்துப் புடி, றெக்கய இந்தப் பக்கமா அணைச்சுக்க, அது பாட்டுக்கு இருக்கும். கொத்தாதும்மா, கொத்தாது. உள்ள பாடம் நடத்தறாரே சி அயாஷி, அவரு கொண்டாந்த கோழிங்கள்லயே இதுதான் சாது. சேவல் ஒண்ணு இருக்கு பாரு உள்ள, அதுக்கிட்டதான் யாரும் வாய் குடுக்கக் கூடாது.

உக்காரு, உக்காரு, எந்திரிக்காதே! உள்ள இடமில்லேன்னா என்ன, இந்தப் படிக்கட்டு முனையில காத்தாட உக்காந்துக்கலாம். பெயிண்ட் டப்பாவ இங்கிட்டு நவுத்து. எங்க வாங்கினே? நல்ல டப்பா. இவ்வளவு செலவு பண்ணி வாங்கிட்டு, வந்து பாத்தா கோழி... எரிச்சல் வரத்தான் செய்யும். வராம? எனக்கே வருது.

உனக்கு மட்டுமா இந்தக் கதி? எட்டிப் பாரு உள்ள. அத்தனை பேரும் பிரஷும் கையுமா நிக்கிறாங்க. நடுவுல சி அயாஷி, ஒரு கையில சுத்தியல், ஒரு கையில கம்பி வலை. பாவம் அந்த மனுசன், மொட்டை மாடியில கோழிக்கூண்டு கட்டறது எப்படின்னு சொல்லிக் குடுக்க வந்தாரு. முன் வரிசையில ஒரு பொண்ணு, "நிழல எந்தப் பக்கம் போடணும்?"னு கேக்கறா. அவரு, "கோழி தூங்கற பக்கம் போடும்மா"ங்கறாரு. ரெண்டு பேருக்கும் திருப்தி! அப்புறம் என்ன!

இதுக்கெல்லாம் யாரு காரணம்ங்கறே? நம்ம ஜனங்கதான். வேற யாரு? சொந்த அரபி எழுத்தப் படிக்கத் தெரியாத ஜனங்க! இந்தா, தலைக்கு மேலதானே தொங்குது போர்டு, நீயே படி. என்ன எழுதியிருக்கு? 'நூலகத்தில் குன் வகுப்பு'. குன்னுன்னா என்ன? கோழிக்கூண்டு. பச்சப் புள்ளைக்கும் தெரியும். நீங்கள்லாம் என்னன்னு படிச்சீங்க? 'ஃபன்'. கலை! கலை வகுப்பாம்! தெத்துவான் ஊரே கெளம்பி வந்துடுச்சு.

என்ன முழிக்கறே? ரெண்டு வார்த்தைக்கும் உருவம் ஒண்ணுதானம்மா, மொத எழுத்து 'ஃபன்'னுக்கு ஃபா, 'குன்'னுக்கு காஃப், அதுக்குப் போடற புள்ளிதான் வித்தியாசம். உங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஃபாவுக்கு மேல ஒரு புள்ளி, காஃபுக்கு மேல ரெண்டு புள்ளின்னு. அதெல்லாம் கெய்ரோக்காரன் வழக்கம்! அச்சு மிஷின்லயே ஏறி வந்துடுச்சு. நம்ம ஊரு பழைய மக்ரிபி கையெழுத்துல அப்படியா? ஃபாவுக்குப் புள்ளி கீழ. காஃபுக்கு மேல, ஒத்தப் புள்ளி. அவ்வளவுதான் கணக்கு. அப்போ மேல ஒத்தப் புள்ளி வெச்சா அது என்ன? காஃப். குன். கோழிக்கூண்டு! நீங்க அத ஃபான்னு படிச்சா அது போர்டோட குத்தமா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.

என்ன? யாரு எழுதினதா?... யாரு எழுதினா என்ன... நான்தான் எழுதினேன். ஏன், நல்லால்லியா? அந்தக் கடைசி எழுத்து 'நூன்', அதோட வளைவப் பாரு. வாத்தியார் சி துஹாமியே ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு, "ரஹ்மா, இது உன் கைதானா?"ன்னாரு. அவரு வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வர்றது லேசில்ல. கையெழுத்து வகுப்புல மொத மாசம் பூரா என்னை ஒரே எழுத்த எழுத வெச்சாரு. ஒரே எழுத்து! நாணல் பேனாவ நான் புடிச்ச புடியப் பாத்துட்டு, "அது கத்திரிக்காய் இல்ல"ன்னாரு. நானும் விடலியே. அவரு மூக்குக் கண்ணாடிய கழட்டித் தொடைக்கிற நேரத்துல ஒரு வரி கூடுதலா எழுதிப்புடுவேன்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், அந்த வகுப்பும் நின்னு போச்சு. ஏன்னா கடைசியில மிஞ்சினது நானும் அவரும்தான். அதுக்கு முன்னாடி பூத்தையல் வகுப்பு இருந்துச்சு. நல்லாத்தான் போச்சு, ரெண்டு பொம்பளைங்க பச்ச நூலுக்குச் சண்ட போடற வரைக்கும். ஒருத்தி சொல்றா இது புதினாப் பச்ச, இன்னொருத்தி சொல்றா இது மசூதி ஓட்டுப் பச்ச. அதுல ஆரம்பிச்சு, இவ மாமியார் கதை, அவ புருசன் கதைன்னு எங்கெங்கயோ போயி... அடுத்த வாரம் நான் மட்டும் ஊசிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் 'ஊத்'துங்கற தந்தி வாத்தியம். அது கீழ படிக்கிறவங்களுக்கு ஆகல. தந்திய மீட்டினா கீழேர்ந்து குச்சியால நம்ம தரையத் தட்டறாங்க, தரையத் தட்டினா இவங்க தாளம்னு நெனச்சு இன்னும் ஓங்கி வாசிக்கிறாங்க!

சிரிக்கறே. சிரி. எனக்குச் சிரிப்பு வரல. லல்லா பத்தூல் இருக்காங்களே, நூலகத்துக்குத் தலைமை, போன வாரம் என்னக் கூப்ட்டு நேரா சொல்லிட்டாங்க. "ரஹ்மா, இதுதான் கடைசி. இந்த வகுப்புக்கும் ஆள் வரலேன்னா மாடி ரூமப் பூட்டி, பழைய பேப்பர் கட்டெல்லாம் அங்க போட்டுடுவேன்." பழைய பேப்பர்! அது படிக்குமா, எழுதுமா, ஒரு டீ போட்டுக் குடுக்குமா?

உனக்குத் தெரியாது தங்கச்சி. வீட்டுல எனக்கு நாலு சுவரும் ஒரு ரேடியோவும்தான். புள்ளைங்க ரெண்டும் ஸ்பெயின்ல. ஃபோன் பண்ணா "சாப்ட்டியாம்மா?"ங்கறாங்க, "சாப்ட்டேன்"ங்கறேன், அத்தோட முடிஞ்சுது. வியாழக்கிழமை வந்தா நான் காலையிலயே மெஸமன் ரொட்டி தட்ட ஆரம்பிச்சுடுவேன். எல்லாருக்கும். இந்த மாடி ரூம் இல்லேன்னா எனக்கு வியாழக்கிழமையே இல்ல. அவ்வளவுதான் விஷயம். சத்தியமா சொல்றேன், பயமா இருக்கு.

அப்படி இருக்கையில இவங்க என்ன வகுப்பு குடுக்கறாங்க? கோழிக்கூண்டு! விவசாயச் சங்கத்துக்காரங்க கேட்டாங்களாம், பத்தூல் சரின்னுட்டாங்களாம். யாரு வருவா? சொல்லு, யாரு வருவா? மாடியில கோழி வெச்சிருக்கறவனுக்குக் கூண்டு ஏற்கெனவே இருக்கு. கோழி இல்லாதவனுக்குக் கூண்டு எதுக்கு? சி அயாஷியே என்கிட்ட கேட்டாரு, "ரெண்டு பேராவது வருவாங்களா லல்லா ரஹ்மா?"ன்னு. நான் சொன்னேன், "போர்ட என்கிட்ட விடுங்க"ன்னு...

அட, கோழியப் பாத்துக்க! நழுவுது பாரு. என்ன, என்ன காட்டறே? போர்டா? நான்தான் சொன்னேனே, 'குன்'னுல மேல ஒத்தப் புள்ளி, அது பழைய... அது இல்லியா? பக்கத்து வார்த்தையா? 'ஃபீ'. 'நூலகத்தில்'ங்கறதுல 'இல்'லுக்குப் போடற 'ஃபீ'. ஆமா, அதுக்கென்ன? ஃபாதான் அது. ஃபாவுக்குப் புள்ளி...

...

மேல இருக்கு.

ம்.

காத்துல நகந்திருக்குமோ?... இல்ல, பெயிண்டு எப்படி நகரும்.

பொல்லாத பொண்ணும்மா நீ. வந்ததுலேர்ந்து பேசினது ரெண்டே வார்த்தை, கண்ணு மட்டும் போர்டுமேலயே. சரி. நீ நெனக்கறது சரிதான். பழைய முறையில எழுதியிருந்தா 'ஃபீ'க்கும் கீழதான் வரணும் புள்ளி. புது முறையில எழுதியிருந்தா 'குன்'னுக்கு ரெண்டு புள்ளி வரணும். ஒரே போர்டுல ரெண்டு முறையும் வராது. சத்தம் போடாதே... மொத ரெண்டு புள்ளிதான் வெச்சேன். புது முறையில, ஒழுங்கா. வெச்சுட்டு எட்ட நின்னு பாத்தேன். கோழிக்கூண்டு. அச்சு அசலா கோழிக்கூண்டு. காலி ரூம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அப்புறம்... நகத்தால ஒண்ணச் சுரண்டினேன். ஒண்ணுதான். பொய்யா எழுதினேன்? இல்லியே! எங்க முப்பாட்டன் வந்து படிச்சா குன்னுன்னுதான் படிப்பான். மத்தவங்க எப்படிப் படிக்கிறாங்கங்கறது அவங்க பாடு. சி துஹாமி கேட்டா, பத்தூல் கேட்டா, "பழைய கையெழுத்து லல்லா, ஜனங்களுக்குத்தான் தெரியல"ன்னு சொல்லிடலாம்னு... அந்தப் பாழாப்போன 'ஃபீ' ஞாபகமே வரல!

பத்தூலுக்குத் தெரிஞ்சுடும். கட்டாயம் தெரிஞ்சுடும். அவங்க அப்பா நோட்டரி, பழைய பத்திரமா படிச்சு வளந்தவங்க. கண்ணு கழுகு மாதிரி. வாசல்ல நின்னு ஒரு பார்வ பாத்தாப் போதும். ஜனங்கள ஏமாத்திக் கூட்டம் சேத்தேன்னு... போச்சு. ரூமும் போச்சு, மானமும் போச்சு.

எங்க போறே? ஏய், எங்க எந்திரிக்கறே? கோழிய என்கிட்ட குடுத்துட்டுப் போறியா? சரி போ, நீயும் போ. உன்னையும்தானே ஏமாத்தினேன். கீழ போயி சொல்லப் போறியா? சொல்லு, உன் இஷ்டம். டப்பாவ மறந்துடாதே, நல்ல டப்பா...

அந்த ஸ்டூல எதுக்கு இழுக்கறே?

ஏம்மா... என்ன பண்றே? அந்தப் 'ஃபீ' மேல இருக்கற புள்ளியையா... சுரண்டறியா? மெதுவா, மெதுவா, பலகை கீறிடும்! எந்தப் பிரஷ் அது? சன்னமானது எடு. கறுப்புல கொஞ்சம் காவி கலந்துக்க, நான் அப்படித்தான் கலந்தேன். கீழ. இன்னும் கீழ. அங்கதான், பழைய முறைப்படி. வை... வெச்சுட்டியா?

அல்லாவே. என்ன கை உனக்கு! என் புள்ளி எது, உன் புள்ளி எதுன்னு எனக்கே தெரியல. எறங்கு, எறங்கு, படியில செருப்புச் சத்தம் கேக்குது. ஸ்டூல அந்தப் பக்கம் தள்ளு. கையத் தொட. இந்தா கோழி. கோழிய வரையற மாதிரி உக்காந்துக்க... வரையற மாதிரி என்ன, வரைஞ்சே தொலை!

வாங்க லல்லா பத்தூல், வாங்க வாங்க! கூண்டு வகுப்பு அமோகமா நடக்குது. இல்லீங்க, உள்ள உக்கார எடமில்ல. நீங்க நின்னுக்கிட்டேதான் பாக்கணும்.