பானுவின் கணினியில் வந்த பிழைகள்

அலுவலகத்துக்குக் காலையில் முதலில் வருவது நான்தான், மேடம். ஷட்டரைத் தூக்கி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தண்ணீர் கேன் காலியாக இருந்தால் மாற்றி வைப்பேன். இதெல்லாம் என் வேலை இல்லை. ஆனால் யாராவது செய்ய வேண்டுமே.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம். நூற்பாலைகளுக்கும் காய்கறி மண்டிகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம். சின்ன இடம். ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். யாருடைய கணினியில் எது நின்றாலும் "அழகுண்ணே, செத்த வாங்க" என்றுதான் குரல் வரும். அழகுராஜா என்று என்னை முழுதாகக் கூப்பிட்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

நீங்கள் இந்தத் துறை இல்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் புரோகிராம் எழுதும்போது வருகிற எரர்களில் பாதி, எழுதியதில் உள்ள தவறே அல்ல. எழுதுகிற கணினியில் ஏதாவது புரண்டிருக்கும். இரண்டு புரோகிராம்கள் ஒரே போர்ட்டுக்கு, அதாவது ஒரே வாசலுக்கு, மல்லுக்கட்டும். ஒரு ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். ஒரு வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். நான் போனதும் அந்த ஆள் எழுந்து எனக்குத் தன் நாற்காலியை விடுவார். அந்தக் கணம் எனக்குப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது.

பானுப்ரியா போன வருஷம் ஆடி மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கம் கிராமம். அப்பா உடையப்பன் தக்காளியும் மல்லிகையும் போடுகிறவர். அம்மா இல்லை. கணவன் துபாயில். மூன்று வயது மகன் ஸ்ரீஹரியை அப்பாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் வந்துபோவாள்.

அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. எரர் வந்தால் மற்றவர்கள் பதறிப்போய் மூடிவிடுவார்கள். இவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு கடைசி வரி வரை படிப்பாள். "முழுசாப் படிச்சா அதுலயே எழுதியிருக்குண்ணே" என்பாள். கொஞ்ச நாளில் பக்கத்து மேசைக்காரர்கள் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் என் கணினியே நின்றுபோனது. மதியம் வரை முட்டிப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க பழைய ஃபோல்டர்ல இருந்து ஓட்டுறீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "யாருக்கும் வாரதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார் வக்கீல். அது உண்மை இல்லை.

மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஒரு நாள் என் டப்பாவில் வெஞ்சனம் இல்லை என்று தன் கத்திரிக்காயில் பாதியை எனக்கு வைத்தாள். அன்றைக்குத்தான் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

"அடுப்ப அணைச்சிட்டு வந்து, அணைக்கலன்னு திரும்ப ஓடும்ணே. செஞ்சத செய்யலங்கும். கடைசியில நாங்க யாருன்னே அதுக்குத் தெரியல. அம்புட்டு வயசும் இல்ல. எனக்கும் அப்படி வந்துருமோன்னு ஒரு பயம். யார்ட்டயும் சொன்னதில்லண்ணே."

நான் நன்றாகக் கேட்டுக்கொள்வேன். என் சுபாவம் அது.

சில நாள் கழித்து, காலையில் யாரும் வருவதற்கு முன், அவள் கணினியின் செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றினேன். கண்டுபிடித்துச் சரிசெய்தாள். மறுநாள் காலையில் மறுபடி மாற்றினேன். வந்து பார்த்தவள், "நேத்தே சரி பண்ணிட்டேனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். "எங்க பண்ணுன? அப்பறம் பாக்குறேன்னுட்டு, பையனுக்கு மருந்து வாங்கணும்னு கெளம்பிட்டியேம்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியாண்ணே?"

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அந்த 'அப்படியா'வை நீங்கள் கேட்கவில்லை. முழுசாகப் படிக்கிற பெண், முதல் தடவையாகத் தான் படித்ததை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று காட்டும் பதிவு ஒன்று எங்கள் சர்வரில் உண்டு. அதை லாக் என்போம். அதன் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. நான் செய்த மாற்றங்கள் அவள் பெயரில் விழும்படி செய்தேன். அவள் புத்திசாலி. சரிசெய்தபின் திரையைப் போனில் படம் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அதனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அவள் படம் எடுத்து முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக ஓடி, சரிசெய்ததைக் கலைத்துவிடும். லாக்கில் அவள் பெயரும் நேரமும் இருக்கும். போனில் அதற்கு முந்தைய நிமிடத்துப் படம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். 

"நானே கலைக்கிறேண்ணே. என் கையே செய்யுது. செஞ்சது எனக்கே தெரியல."

"பயப்படாத. நான் இருக்கேன்ல" என்றேன்.

ஸ்கூட்டிச் சாவியை ஓரிரு தடவை இடம் மாற்றி வைத்தேன். அது தேவையில்லாத வேலை. ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். அவள் எதையும் என்னைக் கேட்காமல் சேமிக்கமாட்டாள். "அண்ணே, இது சரிதானா, ஒருக்கா பாருங்க" என்பாள். நான் போய்ப் பார்த்தால் எல்லாம் ஓடும், நான்தானே நிறுத்தியவன். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். நான்தான் முதலாளியிடம் பேசி விடவிடாமல் செய்தேன். அவளைத் துரத்த நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

உடையப்பன் ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்தார். கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகை. என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார்.

"தம்பி, புள்ள சரியாச் சாப்பிட மாட்டேங்குது. ராவெல்லாம் கதவத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. உங்களத்தான் நம்பியிருக்கேன். என்னன்னு சொல்லுங்க."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவங்க அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுங்கய்யா?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பூப்பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து நிற்க நான் கை கொடுத்தேன்.

மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். லாக்கை அச்செடுத்துக் கொண்டுபோய், அவள் செய்து மறந்தவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டினேன். மருத்துவர் மேல் குற்றமில்லை. நான் காட்டியதைப் பார்த்தால் யாரும் அவர் எழுதிய மாத்திரையைத்தான் எழுதுவார்கள். மாத்திரையால் அவளுக்கு விரல் நடுங்கியது. தப்பும் தவறுமாக டைப் செய்தாள். அந்தப் பிழைகள் அவளுடையவை, என்னுடையவை அல்ல. நான் எதையும் மிகைப்படுத்த விரும்பவில்லை.

பையனை மாமியார் வீட்டில் விடுவது என்று அவள்தான் முடிவெடுத்தாள். "எங்கயாவது அவன விட்டுட்டு வந்துருவேண்ணே. கெணத்துப் பக்கம் விட்டுட்டு மறந்துட்டேன்னா?" என்றாள். யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று சொன்னேன். வத்தலக்குண்டுக்கு என் காரில்தான் போனோம். அவன் வழியெல்லாம் அவள் மடியில் தூங்கினான். அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும், "சாயங்காலம் கூப்பிட வருவேல்லம்மா?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள்.

"வருவாங்கப்பா" என்று நான்தான் பதில் சொன்னேன்.

திரும்பி வருகிற வழியில் அவள் அழவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "அண்ணே, அவன் செருப்பக் குடுத்துட்டேனா?"

"குடுக்கலையேம்மா" என்றேன்.

கொடுத்திருந்தாள். மாமியார் கையில் வாங்கியதை நான் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், சொல்வதற்கு எனக்கு அப்போது வேறு பதில் தோன்றவில்லை. பழகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் படுத்தே இருந்தாள். அவள் கணினியைப் புதிதாகச் சேர்ந்த முகமது ரஃபீக்குக்குக் கொடுத்தார்கள். ஸ்கிரிப்டை நிறுத்த நான் மறந்துவிட்டேன். ரஃபீக் செய்த வேலையும் கலைந்தது, அவள் பெயரிலேயே.

"அண்ணே, அந்தக்கா வீட்ல படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்க பேர்ல இங்க யாரு மாத்துறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நான் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். அவன் பொறுக்கவில்லை. தானே தேடிப்பிடித்து, அது என் கணினியிலிருந்துதான் வருகிறது என்பது வரை வந்துவிட்டான். அது தெரிந்ததும் முதலில் பானுவுக்குத்தான் போன் செய்திருக்கிறான்.

அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். நாளெல்லாம் படுத்திருந்தவளின் குரலில் அன்று பழைய வேகம் இருந்தது. "அண்ணே, ரஃபீக்னு ஒருத்தர் பேசுனாரு. நான் எதையும் கலைக்கலயாம். எல்லாம் நீங்க செஞ்சதாம். நெசமாண்ணே?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அன்று மாலையே வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறியிருப்பாள். எனக்கும் அது தெரியும்.

"ரஃபீக்கா? அவன் காலையிலருந்து என் பக்கத்துலயேதான் இருக்கான். உனக்கு யாரும் போன் போடலயேம்மா" என்றேன்.

மறுமுனையில் மாத்திரை அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிண்ணே. போன்ல ஏதோ நம்பர் கெடக்கு, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்போல. மாத்திரை போட்டுட்டுப் படுக்குறேன்" என்றாள். போனை நானாக வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள்.

ரஃபீக் உடையப்பனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தது அதற்கு மறுநாள். நான் எதையும் மறைக்கவில்லை. செட்டிங், லாக், ஸ்கிரிப்ட், சாவி, செருப்பு, போன், எல்லாம் நான். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. இருந்ததே இல்லை.

இன்று காலை அவளை இங்கே கூட்டிவந்து எனக்கு எதிரே உட்காரவைத்தீர்கள். நீங்கள் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை என்பதால், என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். முதலிலிருந்து சொன்னேன். உடையப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் நடுங்குகிற விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

"என்னயக் காப்பாத்துறதுக்கு நீங்க எதுக்குண்ணே பழிய ஏத்துக்கிறீங்க?" என்றாள்.

நீங்கள் உடனே என்னைப் பார்த்தீர்கள். நான் மறுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. நான் பேசவில்லை. அவள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.