தெரியாத மாதிரி

“அவர நல்லாத் தெரியும்ணே. அதனாலதான் தெரியாத மாதிரி போய்ட்டேன்.”

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் சாத்துக்குடிப் பையோடு உட்கார்ந்திருந்தவர் இப்படிச் சொன்னார். ஒட்டுக்கேட்பது நாகரிகமில்லைதான், கேட்டேன். பக்கத்தில் அவரைவிடச் சற்று மூத்தவர். குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் குழுவில் இருவரும் இருப்பது பேச்சிலேயே தெரிந்தது.

“எங்க பாத்த?”

“ஒயின்ஷாப் வாசல்லண்ணே. உள்ள போலாமா வேணாமான்னு நின்னுக்கினு இருந்தாரு. என்னயப் பாத்துட்டாரு. கூப்புடுவேன்னு நெனச்சிருப்பாரு.”

“நீ கூப்புடலியா?”

“மீட்டிங்ல பாக்குறவங்கள வெளியில தெரிஞ்சதாக் காட்டிக்கக் கூடாதுன்றதுதானே நம்ம கட்டுப்பாடு. கூட என் மச்சான் வேற இருந்தான். செல்லப் பாத்துக்கினே தாண்டிப் போய்ட்டேன். ஒரு டீ சாப்புடலாம் வாங்கன்னு கூப்ட்டிருந்தா வந்திருப்பாருண்ணே. அன்னிக்கு மறுபடி ஆரம்பிச்சவரு, நிறுத்தவே இல்லையாம். இப்ப வார்டுல கெடக்குறாரு.”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கட்டுப்பாட்ட உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தாம்பா. அது எதுக்குன்னு சொல்லாம வுட்டுட்டேன்.”

“முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில்லாம் எறங்கு” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். இருவரும் எழுந்தார்கள். சாத்துக்குடிக்காரர் படியருகே தயங்கினார்.

“அவரு சம்சாரம் அங்க இருப்பாங்கண்ணே. நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது?”

“தெரிஞ்சவன்னு சொல்லு. இன்னிக்காவது.”